'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கத் தெரியாது, எல்லாம் கடைச் சாப்பாடுதான்" என்ற பேச்சு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாண வீடு முதல் கோயில் வீதி வரை கேட்கிறது. இது நியாயமான பேச்சு அல்ல. அடுப்படிக்கு வரப் பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். செய்முறை அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு படிக்குமான காரணத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியையே எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சமைப்பவர்களின் முதல் முறைப்பாடு "சொதி திரைந்துபோயிற்று" என்பதுதான். நான்கு பேருக்குப் பெரிய தேங்காயில் ஒரு முழுப் பாதி வேண்டும். அரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்த தலைப்பாலைத் தனியே வைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பால் சேர்ந்து இரண்டு கப் எடுக்க வேண்டும். அந்தத் தண்ணிப்பாலில் சின்ன வெங்காயம் எட்டு, பச்சை மிளகாய் மூன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு போட்டு வெங்காயம் அவியும்வரை பத்து நிமிடம் கொதிக்கலாம். அதற்குப் பிறகுதான் பிழை நடக்கிறது.

தேங்காய்ப்பாலில் கொழுப்பு நுண்ணிய துளிகளாக நிற்கிறது. அதைத் தாங்கி நிற்பது பாலில் உள்ள புரதம். பால் தளதளவென்று கொதித்தால் புரதம் இறுகி எண்ணெய் பிரியும். புளிப்புப் பட்டாலும் அதுவேதான். அம்மம்மா விறகை வெளியே இழுத்துவிட்டுத்தான் தலைப்பாலை விட்டார். நெருப்புத் தணிந்து தணல் மட்டுமே மிஞ்சியது. பிள்ளைக்குச் சொன்னதோ "தலைப்பாலை விட்டு இறக்கு" என்று மட்டும். விறகை இழுத்தது கை செய்த வேலை, வாயில் வரவில்லை. மெல்லிய அலுமினியச் சட்டியும் பெரிய காஸ் அடுப்பும் சேர்ந்தால் தீ படும் இடத்தில் உடனே கொதி எழும்பும். ஆகவே சின்ன அடுப்புக்கு மாற்றி, தீயை ஆகக் குறைத்து, தலைப்பாலை விட்டு அகப்பையால் கை ஓயாமல் துழாவ வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்ட பின் அரைத் தேசிக்காய் பிழியலாம்.

பைக்கற் தேங்காய்ப்பால் மாவுக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி போட்டால் கெட்டிப்பால், ஒரு கரண்டி போட்டால் தண்ணிப்பால். கொதிக்கும் சட்டிக்குள் மாவை நேரே கொட்டினால் கட்டி கட்டியாகும். பலவற்றில் மாட்டுப்பாலின் புரதம் சேர்ந்திருப்பதால் சீக்கிரம் திரையாது. பால் ஒவ்வாதவர்கள் பைக்கற்றின் பின்புறத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

மூத்தவர்கள் அளவில்லாமல் சமைத்தார்கள் என்பதும் பாதி உண்மைதான். வெறும் பால்பேணியால் அளக்கும் சுண்டு, ஒரு சிரங்கை, தேசிக்காயளவு பழப்புளி என்று அளவு இருந்தது. அது அந்த வீட்டுச் சுண்டுக்கும் அந்தக் கைக்கும் உரிய அளவு. உப்பே மாறிவிட்டது. கரண்டியில் கட்டியுப்பை விடத் தூளுப்பு நெருக்கமாக நிறையும். பழைய குறிப்பில் ஒரு கரண்டி உப்பு என்றிருந்தால், தூளுப்பில் முக்கால் கரண்டி போட்டு ருசி பார்ப்பது நல்லது.

கோதுமை மாப் புட்டு இன்று 'அந்தக் காலத்துச் சாப்பாடு' என்று பெயரெடுத்துவிட்டது. கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. கப்பலில் வந்த மாவை அரிசிமாவின் வேலைக்குப் பழக்கியது ஒரு தலைமுறை. பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் ரப்பர்போல இழுபடும், இடியப்ப உரலில் பிழியவே வராது. துணியில் தளர்வாகக் கட்டி முக்கால் மணி நேரம் ஆவியில் அவித்தால் அந்த இழுவை போய்விடும். சூடு ஆறமுன் உடைத்து அரிக்க வேண்டும், ஆறினால் கட்டி கல்லாகும். இதைக் கண்டுபிடித்த பெண்கள் அன்று புதுமை செய்தவர்கள். அவர்களுடைய பேத்தி பிளென்டரில் சம்பல் அடிப்பதை எப்படிக் குறை சொல்வது? செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் தூளாக்கி, பிறகு வெங்காயம், கடைசியில் துருவிய தேங்காய்ப்பூவை இரண்டு மூன்று தரம் விட்டுவிட்டுச் சுற்றினால் போதும். தொடர்ந்து ஓடவிட்டால் பால் கக்கிக் களியாகிவிடும்.

சில இடங்களில் காரணம் தெரியாதது ஆபத்து. 1970களின் தட்டுப்பாட்டில் மரவள்ளி சாப்பிட்டவர்களுக்கு அதை மூடாமல் அவிக்க வேண்டும் என்று தெரியும். 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது கொழும்பு வீடுகளுக்குள் மரவள்ளி திரும்ப வந்தது, அந்த விதி எல்லா வீட்டுக்கும் வரவில்லை. கிழங்கில் சயனைட்டாக மாறும் பொருள் இருக்கிறது. உள்தோலையும் சேர்த்து உரித்து, சிறு துண்டாக்கி, கிழங்குக்கு மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்க, திறந்த சட்டியில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும் போவதற்குத்தான் இவ்வளவும். காஸ் மிச்சம் பிடிக்கப் பிரஷர் குக்கரில் வைத்து மூடுவது சரியல்ல.

இளையவர்களிடம் நல்ல பழக்கங்கள் இருக்கின்றன. தராசில் நிறுக்கிறார்கள், கைபேசியில் நேரம் வைக்கிறார்கள், ஆண்பிள்ளைகளும் அடுப்படியில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தடையாக இருப்பது பத்திரிகைச் சமையல் பக்கங்களில் வரும் 'உப்பு, புளி தேவையான அளவு' என்ற வரி. தெரிந்தவருக்கு அது போதும், தெரியாதவருக்கு அதில் எதுவுமே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாசகிகள் அனுப்பும் குறிப்புகளைப் பிரசுரிக்கமுன் ஒரு தரம் அளந்து சமைத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் படியில் பிழை வரும், ஏன் வரும் என்று இரண்டு வரி கேளுங்கள். பருப்புக்கறியில் தொடங்கலாம்: ஒரு சுண்டு மைசூர்ப் பருப்புக்கு இரண்டரைச் சுண்டு தண்ணீர், மஞ்சள் அரைத் தேக்கரண்டி, தூளுப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தக்காளியோ புளியோ பருப்பு மசிந்த பிறகுதான். முதலே போட்டால் புளிப்புப் பருப்பைச் சீக்கிரம் இளகவிடாது, காஸ்தான் வீணாக எரியும்.

இப்படிக்கு,
வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06