பதிவு யார் பெயரில்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஹோ சி மின் நகரத்து மழை, சாலை நெரிசல், புதிதாக வந்திறங்கிய அட்டைப்பெட்டி இயந்திரம் என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். பட்டறையின் பதிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்பதாக நினைக்காதே. சொல்லத் தோன்றினால் சொல்.

ஏற்றுமதிக்காரர்களுக்குப் பெட்டி உரிய நாளில் கிடைப்பதில்லை என்று கண்டுகொண்டவள் நீ. அந்த ஊர் மொழியைக் கற்று, கடன் வாங்கி, தொழிலை எழுப்பி நிறுத்திவிட்டாய். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இயந்திரத்தின் படத்தைக் காட்டுகிறாள். நானும்தான்.

ஆனால் அந்தக் கூட்டாளி, "வெளிநாட்டுக்காரருக்கான முதலீட்டுப் பதிவெல்லாம் இழுத்தடிக்கும், இப்போதைக்கு என் பெயரில் இருக்கட்டும்" என்று சொன்னாரா? அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பலரும் செய்வதால் அது பத்திரமாகிவிடாது. பெரியப்பா கதையை நான் மறுபடி எடுக்கவில்லை.

அரசே எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்தும் திட்டப் பொருளாதாரத்தைப் பாடமாக நடத்தியவன் சொல்கிறேன், கேள். வியட்நாம் 1986-இல் பொருளாதாரச் சீர்திருத்தத்தை அறிவித்தது. தொழில் தொடங்க அனுமதிக்காக அலைய வேண்டாம், பதிவு செய்தால் போதும் என்ற நிலை வந்தது 2000 ஜனவரி 1-இல், நிறுவனச் சட்டம் அமலான பிறகுதான். நடுவில் கழிந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் யாரையாவது பார்க்க வேண்டியிருந்தது. சட்டம் ஒரே நாளில் மாறும். ஆளைப் பிடித்துக் காரியம் முடிக்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் போகாது.

கிம் ஙோக் என்று ஒருவர், வின் ஃபுக் மாகாணத்தின் கட்சிச் செயலாளர். 1966-இல் கூட்டுப்பண்ணை வயல்களைக் குடும்பங்களுக்கு ஒப்பந்தமாக விட்டார். மேலிடம் கண்டித்து நிறுத்தியது. 1979-இல் அவர் இறந்துபோனார். 1988-இல் ஏறக்குறைய அதே ஏற்பாடு நாட்டின் கொள்கையானது! பதவியில் இருந்தவரையே காலம் இப்படிப் புரட்டியது என்றால், ஒருவருடைய தயவில் நிற்கும் பட்டறை எம்மாத்திரம்?

போலந்தில் பழைய ஆட்சி சரிந்த நாட்களில், வார்சா தெருக்களில் மடக்குக் கட்டிலை விரித்து அதன்மேல் சரக்கைப் பரப்பி விற்றார்கள். ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அவர்கள்மேல் மதிப்புதான். கட்டிலும் அவர்களுடையது, சரக்கும் அவர்களுடையது.

வியட்நாமில் நிலம் மக்கள் அனைவருக்கும் சொந்தம். தனியாருக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். அங்கே 'சிவப்புப் புத்தகம்' என்று சொல்லும் அந்தச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வங்கி பேசும். கூட்டாளி நல்லவராகவே இருக்கட்டும். அவர் வீட்டில் சொத்துத் தகராறு வந்தால் உன் இயந்திரம் எந்தக் கணக்கில் போகும்? பெயரைப் பார். குத்தகைத் தாளையும் பார். உனக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள். கூட்டாளியின் வழக்கறிஞர் வேண்டாம்.

தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டது. அதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

பதிவுச் சான்றிதழில் ஒரு நகல் எடுத்து வை. எனக்கு அனுப்பினால் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன்.

அப்பா