மூன்று நிமிடம் பிந்திய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. ஒரு செய்தியை உறுதி செய்யக் காத்திருந்ததில் நீ மூன்று நிமிடம் பிந்திவிட்டாய், அதற்கு நியூஸ் டெஸ்க்கில் திட்டு. என்ன சொல்வதென்று தெரியாமல் 'சாப்பிட்டியா' என்று கேட்டு வைத்தேன்.

நானும் நிருபராக இருந்து செய்தியை முந்தித் தர ஓடியவன்தான், உன்னிடம் யோக்கியன் வேஷம் போட முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சீனியர்கள் அலுக்காமல் சொன்ன கதை ஒன்று உண்டு. 1963 நவம்பர் 22, டல்லாஸ். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட நாள். அவருடைய கார் ஊர்வலத்தில் நிருபர்கள் போன காரில் ஒரே ஒரு ரேடியோ போன். யுபிஐ செய்தி நிறுவனத்தின் நிருபர் மெரிமன் ஸ்மித் அதை ஒட்டி முன் சீட்டில். வெடிச்சத்தம் கேட்டதும் போனை எடுத்தவர் விடவே இல்லை. பின் சீட்டிலிருந்த, போட்டி நிறுவனமான ஏபியின் நிருபர் ஜாக் பெல் கேட்டுப் பார்த்தார், கத்திப் பார்த்தார், முதுகில் மொத்தியும் பார்த்தார். ஸ்மித்தோ, சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாராம்! அடுத்த வருஷம் ஸ்மித்துக்கு அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் பரிசு.

எத்தனையோ முறை சிரித்த கதை. ரொம்பப் பிந்தித்தான் ஒன்று உறைத்தது. அந்த மனுஷர் சத்தத்தைத் தன் காதால் கேட்டவர். முதல் வரியில் அவர் சொன்னதும் ஊர்வலத்தை நோக்கி மூன்று முறை சுட்டார்கள் என்பது மட்டும்தான். யார் மேல் பட்டது, உயிர் இருக்கிறதா என்றெல்லாம் அவசரப்படவில்லை.

2016 டிசம்பர் 5 சாயங்காலத்தை நினைத்துப் பார். ஜெயலலிதா காலமானார் என்று சில தமிழ் சேனல்கள் போட்டுவிட்டன. ராயப்பேட்டை கட்சி அலுவலகத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏற்றினார்கள். அவர் இறந்தது இரவு 11.30க்கு. எந்த சேனல் முதலில் போட்டது என்று ஞாபகம் இருக்கிறதா உனக்கு? எனக்கு இல்லை. கொடி இறங்கி ஏறியது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் நாளில் ஒரு செய்தியை விட்டால் மறுநாள் பேப்பர் வரும் வரை தலை காட்ட முடியாது. முந்தியவனுக்கு முழுசாக ஒரு நாள் ராஜ்ஜியம். இப்போது நீ போட்ட அடுத்த நிமிடம் ஊரே காப்பி அடித்துவிடும். லாபம் அவ்வளவு சுருங்கிவிட்டது, பதற்றம் மட்டும் எங்களைவிட அதிகம்.

முந்தவே முந்தாதே என்று சொல்ல நான் யார்? ஒரு மந்திரியின் ராஜினாமா எப்படியும் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதை யார் முதலில் போட்டால் என்ன? நீ போன மாதம் தாலுகா ஆபீஸில் பழைய ஃபைல்களைக் கிளறி எழுதினாயே, அந்தப் பட்டா விவகாரம், அது நீ போகாவிட்டால் வெளியே வந்தே இருக்காது. அதைத்தான் வெட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா கேட்கிறாள், இதற்காகச் சம்பளத்தில் கை வைப்பார்களா என்று. ஷிஃப்ட் முடிந்ததும் அவளுக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா