பின்கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர் தொடங்கிவிட்டால் நீலகிரியில் பெண்பிள்ளைகளின் பின்கழுத்து ஸ்வெட்டர் காலருக்கும் ஸ்கார்புக்கும் உள்ளே மறைந்துவிடுகிறது. அங்கே படர்ந்திருக்கும் கருப்பைக் கம்பளி உரசியதால் வந்தது என்கிறார்கள், கவரிங் செயின் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள், இல்லையென்றால் தேய்த்துக் குளிப்பதில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்களும் உண்டு. வெயிலில் கருத்தால் முகத்திலும் கையிலும் தெரியும். இந்தக் கருப்பு கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வரும். விரலால் தடவிப் பார்த்தால் வெல்வெட் துணிபோலத் தடித்து, வரிவரியாக இருக்கும். எடை கூடிய இளம்பெண்ணுக்கு இது இருந்தால், உடம்பில் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். சோப்பை மாற்றிப் பயனில்லை.

சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்படி தசைக்கும், சர்க்கரை வெளிவிடுவதை நிறுத்தும்படி கல்லீரலுக்கும் சொல்வது இன்சுலின். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச்சேர இவை அந்தச் சொல்லுக்குச் செவிசாய்ப்பதில்லை. கணையம் விடாமல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அதனால்தான் பல ஆண்டுகள் வரை சர்க்கரை அளவு ரிப்போர்ட்டில் சரியாகவே இருக்கும், வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இதற்கிடையில் அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, அடங்காத பருக்கள், ஸ்கேனில் ‘பிசிஓடி’ (சினைப்பையில் நீர்க்கட்டிகள்) என்ற சொல் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து கிளம்புபவை.

முதலில் இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு டேப் வைக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் வெறும்வயிற்றுச் சர்க்கரையோடு ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை 100-ஐயும், ட்ரைகிளிசரைடு 150-ஐயும், அழுத்தம் 130/85-ஐயும் எட்டுவது, எச்டிஎல் 50-க்குக் கீழே இறங்குவது, இடுப்பளவு கூடுவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தாலே கவனம் வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை, வெறும்வயிற்றில் தப்பிப்போவதையும் பிடித்துவிடும்.

நம் மலையில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. குளிருக்கு ஒரு வாய் டீ குடித்துவிட்டு ‘வெறும்வயிறு’ என்று இரத்தம் கொடுப்பது ஒன்று. மற்றது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஒன்றை மட்டும் நம்புவது. இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகையில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இங்குள்ள பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள்செல் இரத்தக் கோளாறிலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஹீமோகுளோபின் விவரம் தெரியாமல் அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தைராய்டு சோதனையும் கூடவே இருக்கட்டும்.

இனி சாப்பாடு. எடை கூடிவிட்டது என்றதும் பிள்ளைகள் முதலில் செய்வது பட்டினி. காலையில் ஒன்றுமில்லை, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி பசி தாங்காமல் பிஸ்கட். இப்படி இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தால் அதில் கணிசமான பங்கு தசை. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். அதைக் கரைத்துவிட்டு இன்சுலின் சரியாகும் என்று எதிர்பார்ப்பது எப்படி? எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. 72 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைத்தால் போதும். அதிலேயே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. கருமுட்டை மறுபடி வெளிப்படத் தொடங்கும்போது, மாதவிடாய் சரியாவதற்கு முன்பே கர்ப்பம் தரிக்கலாம் என்பதையும் திருமணமான பெண்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

குறைப்பதை டீயிலிருந்து தொடங்குங்கள். குளிர் ஊரில் நாளைக்கு ஐந்து டீ குடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 50 கிராம், மாதம் ஒன்றரைக் கிலோ சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச்சர்க்கரைக்கு மாறுவதால் இந்தக் கணக்கு மாறாது. வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். டீயோடு வரும் வர்க்கி நம் ஊரின் பெருமைதான், ஆனாலும் அது மைதாவும் கொழுப்பும். வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

தட்டில் பாதி காய்கறி. பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல், முள்ளங்கி, மேரக்காய் என்று வெளியூர்க்காரர்கள் விலைகொடுத்து வாங்குவதெல்லாம் நம் தோட்டத்திலேயே விளைகிறது. உருளைக்கிழங்கு மட்டும் இந்தப் பாதியில் சேராது. அதன் இடம் சோற்றின் பங்கில். சோறும் உருளைக் குழம்பும் உருளைப் பொரியலும் ஒரே தட்டில் விழுந்தால் மூன்றும் மாவுச்சத்துதான். சோறோ களியோ கால் தட்டு. வெந்த சோறு ஒரு கப், சுமார் 150 கிராம் என்றால் அதில் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மீதிக் கால் தட்டில் அவரை, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி இவற்றில் ஏதாவது ஒன்று. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிடும் அளவு அதேதான், வரிசை மட்டும் மாறுகிறது.

சிறுதானியம் என்ற பெயரிலும் ஏமாற்றம் நடக்கிறது. நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். அதே கேழ்வரகைக் கெட்டியான களியாக, நிறைய அவரை போட்ட குழம்போடு சாப்பிட்டால் நிதானமாக ஏறும். இங்குள்ள பெரியவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். சாமையிலும் அரிசியைப் போலவே மாவுச்சத்து உண்டு, அளவு முக்கியம்.

எங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது நடையைப் பற்றித்தான். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணையில்லாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடை முடிந்தபின்னும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாகவே செவிசாய்க்கும். பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிடும். அதனால் ஞாயிறன்று மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பது உதவாது. தொடர்ந்து இரண்டு நாள் விடுபடக் கூடாது. வாரம் 150 நிமிடம், பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது, அந்த வேகம். சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடப்பதும் கணக்கில் சேரும்.

ஏற்றம் ஏற முடியவில்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையில் நடத்தி 2008-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு மாதம் ஏறி நடந்து கேபிள் காரில் இறங்கினார்கள். இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்கினார்கள். ஏறியபோது இரத்தக் கொழுப்பைக் கையாளும் திறன் கூடியது. சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது இறங்கியபோதுதான். நமக்குக் கேபிள் கார் வேண்டாம், பஸ் போதும். மேலே பெட்போர்டு வரை பஸ்ஸில் போய், குன்னூர் பஸ் நிலையத்துக்கு நடந்து இறங்கலாம். முதல் வாரம் தொடை இரண்டு நாள் வலிக்கும், அது பழகாத தசையின் வலி, குறைந்துவிடும். மூட்டு வீங்கினாலோ மூட்டுக்குள் குத்தினாலோ நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். செருப்பு வழுக்கக் கூடாது.

நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பளுவும் தேவை. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து, நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று சுற்று. சுவரில் கையூன்றித் தள்ளுவது பத்து முறை. வாசற்படியில் ஏறி இறங்குவது காலுக்குப் பத்து. பத்தைப் பன்னிரண்டாகக் கூட்டி, அதுவும் எளிதாகிவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துச் செய்யுங்கள். மழை நாளுக்கும் இது போதும். தராசு நகராத மாதங்களில் சோர்ந்துவிட வேண்டாம். சென்னையில் நடத்தி 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் மாதவிடாய் வராமலிருந்தால் காத்திருக்கவும் கூடாது.

கொழுந்து பறித்த அம்மாக்கள் கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கினார்கள். மகள்கள் தையல் இயந்திரத்திலும் கம்ப்யூட்டரிலும் கடைக் கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்து நடக்கலாம் என்றால் ஆறரைக்கு இருட்டிவிடுகிறது, தெருவில் காட்டெருமை நிற்கிறது, தேயிலைக்குள் கரடி. விடியலிலும் இதே கதைதான். தனியாக நடந்து வா என்று அவர்களிடம் சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறோம்: பள்ளி மைதானங்களை மாலை 5 முதல் 6.30 வரை, விளக்கோடும் பூட்டக்கூடிய கேட்டோடும், பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். தேசிய அளவில் தொற்றா நோய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. இங்கே கல்லூரிகளிலும் தையல் கூடங்களிலும் 18 வயதிலிருந்தே இடுப்பளவும் இரத்த அழுத்தமும் பாருங்கள். அதற்கு ஒரு டேப்பும் பிபி கருவியும் போதும்.

இப்படிக்கு,
உணவியல், இயன்முறை மருத்துவப் பணியில் இருப்போர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.