யீஷிங் கெண்டிகளின் விலையும் புதிய சீட்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த சரக்கிலிருந்து எங்கள் கடையில் சீனாவின் யீஷிங் களிமண் தேநீர்க் கெண்டிகள் சிலவற்றுக்கு விலை ஏறுகிறது, சிலவற்றுக்கு இறங்குகிறது. கூடவே ஒவ்வொரு கெண்டியின் கைப்பிடியிலும் ஒரு சீட்டு தொங்கும். காரணத்தைக் கல்லாவில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிப் பார்த்தோம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். அதனால் இந்த மடல்.

"இதே கெண்டி இணையத்தில் 20 வெள்ளிக்குக் கிடைக்கிறதே, உங்களிடம் மட்டும் ஏன் 200?" என்பதுதான் நீங்கள் அதிகம் கேட்பது. நியாயமான கேள்வி. படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில், தைஹூ ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் இருக்கிறது யீஷிங். அங்கே டிங்ஷூ என்ற ஊரில் தெருவுக்குத் தெரு கெண்டி செய்யும் வீடுகள். கீழே பட்டறை, மேலே குடித்தனம். மிங் அரசர்கள் காலத்திலிருந்து நடக்கும் தொழில் இது. 1955-ல் கைவினைஞர்களை ஒரு கூட்டுறவுக்குள் சேர்த்தார்கள். 1958-ல் அது தொழிற்சாலையானது. 1990-களில் அந்தத் தொழிற்சாலை தளர்ந்ததும், அங்கே வேலை கற்றவர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் பட்டறை போட்டார்கள். இன்று நாங்கள் சரக்கு எடுப்பது அப்படிப்பட்ட வீடுகளில்தான்.

முழுக்கக் கையால் செய்வது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், விலை புரிய வேண்டுமென்றால் இது தெரிய வேண்டும். நம் ஊர்க் குயவர் சக்கரத்தில் வனைந்து, அப்புறம் பலகையால் தட்டிப் பானையை முடிப்பார். யீஷிங்கில் வனையும் சக்கரமே கிடையாது, தட்டல் மட்டும்தான். களிமண் கட்டியைக் கனமான மரக் கொட்டாப்புளியால் அடித்து, சில மில்லிமீட்டர் கனத்துக்குத் தகடாக்குகிறார்கள். அதிலிருந்து ஒரு நீளப் பட்டையும் அடிக்கும் மேலுக்குமான வட்டங்களும் வெட்டுகிறார்கள். பட்டையை வளைத்து ஒட்டினால் இருபுறமும் திறந்த ஒரு குழாய். இடக்கை விரல்கள் குழாயின் உள்ளே தாங்கி நிற்க, வலக்கையில் மெல்லிய மரத்தட்டை. தட்டிக்கொண்டே, குழாய் நிற்கும் சிறு சுழல்தட்டைக் கையால் திருப்பத் திருப்ப, விளிம்பு உள்ளே குவிந்து வயிறு உருண்டு வருகிறது. அடி வட்டத்தை ஒட்டி, கவிழ்த்து, அடுத்த பக்கமும் இதே வேலை. தட்டல் ஒரு இடத்தில் பலமாக விழுந்தால் அங்கே சப்பையாகிவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. மண்ணைப் பிசைந்து மறுபடி முதலிலிருந்து. சதுரக் கெண்டி என்றால் இதுவும் இல்லை. பலகை பலகையாக வெட்டி மூலைக்கு மூலை ஒட்டுவார்கள். அது காயும்போது முறுக்கிக்கொள்ளும், சூளையிலும் முறுக்கிக்கொள்ளும். சதுரக் கெண்டிகளுக்கு நாங்கள் கூடுதலாக விலை போடுவது இதனால்தான்.

மூக்கையும் கைப்பிடியையும் தனியே உருட்டி ஒட்டிய பிறகு, எருமைக் கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய தகட்டால் மேற்பரப்பை வழித்து வழித்து எடுப்பார்கள். மெருகு பூச்சு எதுவும் பூசாமலே கெண்டி மினுமினுப்பது அந்தக் கொம்பால். இந்தக் கருவிகளைப் பெரும்பாலும் அவரவரே செய்துகொள்கிறார்கள். ஒரு நல்ல கெண்டிக்கு நாலைந்து நாள் ஆவது சாதாரணம்.

அரைக்கை வேலை என்றால் தகட்டைத் தட்டிப் பட்டையாக்குவது வரை இதேதான். அப்புறம் அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் வைத்து அழுத்தி வயிற்றை வரவைப்பார்கள். மூக்கு, கைப்பிடி, மூடி, மெருகு எல்லாம் கை வேலை. 1950-களின் கடைசியில் தொழிற்சாலை பெருகியபோது பரவிய முறை இது. மூன்றாவது வகை, மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவது. நீங்கள் இணையத்தில் பார்க்கும் 20 வெள்ளிக் கெண்டி பெரும்பாலும் இந்த வகை. அதை நாங்கள் விற்பதில்லை, இனியும் விற்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: அரைக்கை என்றால் போலி என்று அர்த்தமில்லை. தினமும் காலையில் டீ போட்டுக் குடிக்க ஒரு கெண்டி வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் அதைத்தான் எடுத்துக் கொடுப்போம். மண் நல்லதாக இருந்து, மூடி சரியாக உட்கார்ந்தால் டீயின் ருசியில் குறையே இருக்காது. முழுக்கை கெண்டியை வாங்குவது அந்தக் கை வேலையை விரும்பித்தான். அரைக்கையை முழுக்கை என்று சொல்லி விற்பதுதான் மோசடி, அது ஊரெங்கும் நடக்கிறது. உள்ளே கோடு தெரிந்தால் கை வேலை என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கோட்டை அச்சுக் கெண்டியிலும் போடலாம், நம்பாதீர்கள்.

அடுத்து முத்திரை, சான்றிதழ் விவகாரம். சீனாவில் கைவினைஞர்களுக்கு அரசு படிப்படியாகப் பட்டம் தருகிறது: உதவிக் கைவினைஞர், கைவினைஞர், முதுநிலை, மாநில ஆசான், தேசிய ஆசான் என்று. பட்டம் ஒரு படி ஏறினால் விலை பல மடங்கு ஏறும். கூ ஜிங்ஜோ என்ற பெரிய ஆசானின் அணில்-திராட்சைத் தேநீர்ச் செட் ஒன்று 2015-ல் பெய்ஜிங் ஏலத்தில் 9 கோடி யுவானுக்கு மேல் போனது. அவர் 1996-லேயே காலமானவர். இப்படிப்பட்ட விலைகளைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் ஆசை வராது? பட்டம் பெற்றவரின் முத்திரையைக் குத்தி, வேலையை வேறு யாரோ செய்வது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு கெண்டி ஒரே ஆளின் வேலையாக இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கமே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கத்து லியாங் வட்டாரத்தின் ஆட்சியராக இருந்த சென் ஹோங்ஷோ என்ற கவிஞர் கெண்டிகளுக்கு வடிவம் வரைந்து கொடுத்தார். செய்தவர் யாங் பெங்னியன். அவர் தம்பியும் தங்கையும் அதே தொழில். அந்தக் கெண்டிகளின் அடியில் சென்னின் எழுத்தறைப் பெயர் பொறித்த முத்திரை இருக்கும், கைப்பிடிக்குக் கீழே சின்னதாகப் பெங்னியனின் முத்திரை. யார் வரைந்தது, யார் செய்தது என்பது ஒளிவுமறைவில்லாமல் கெண்டியிலேயே இருந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜியாங் ரோங் அம்மையாரும் சிறுவயதில் தந்தையிடம் கற்றவர்தான். இந்தத் தொழில் வீட்டுத் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நாங்கள் சரக்கு எடுக்கும் ஒரு வீட்டில் கணவர் வயிற்றைத் தட்டுகிறார். மூக்கும் மூடியும் மனைவி. எழுத்துச் செதுக்கல் மகன். முத்திரை மட்டும் கணவர் பெயரில். எங்களைக் கேட்டால், மூக்கு ஒட்டும் நேர்த்திக்காகவே அந்தக் கெண்டியை வாங்கலாம்.

ஆகவே புதிய சீட்டில் இருக்கப் போவது இவ்வளவுதான்: முழுக்கையா அரைக்கையா, எந்த வகை மண், எந்த வேலையை வீட்டில் யார் செய்தது. பட்டம் இருக்காது. சான்றிதழும் பட்டுப் பெட்டியும் இனி கேட்டால் மட்டும், தனி விலைக்கு. அவற்றை விட்டுவிட்டதால்தான் அரைக்கை கெண்டிகளின் விலை இறங்குகிறது.

முழுக்கை கெண்டிகளின் விலை ஏன் ஏறுகிறது என்றால், முதல் காரணம் மண். டிங்ஷூவில் மஞ்சள் நாக மலை என்ற குன்றிலிருந்துதான் பெயர்பெற்ற ஊதாக் களிமண் வந்தது. 2000-களின் நடுவில் அரசு அங்கே தோண்டுவதை நிறுத்திவிட்டது. முன்பே எடுத்து வைத்த கற்களை இப்போது வீடுகள் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன. ஆம், அது வெட்டியெடுக்கும்போது கல்தான். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு உதிரவைத்து, அரைத்துச் சலித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, மூடி வைத்துப் பதப்படுத்திய பிறகே கைக்கு வரும். மலிவு மண்ணில் நிறமி கலப்பவர்களும் உண்டு. 2010-ல் ஊதாக் களிமண் என்று விற்ற மின்சாரச் சமையல் பானைகள் சாதாரண மண்ணில் நிறமி கலந்தவை என்று சீன அரசுத் தொலைக்காட்சியே அம்பலப்படுத்தியது. கண்ணைப் பறிக்கும் பச்சை, நீலக் கெண்டிகளை நாங்கள் எடுக்காததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

இரண்டாவது, சூளைச் சேதம். சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி வரை சுடும்போது ஊதா மண் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும். ஜூனி என்ற சிவப்பு மண் அதைவிட நிறையச் சுருங்கும். வெடிப்பதும் கோணுவதும் அதிகம். சின்னச் சிவப்புக் கெண்டி பெரிய ஊதாக் கெண்டியைவிட விலை கூடுதலாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

ஆர்டர் கொடுப்பவர்களுக்கு: ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை அங்கே விடாத மழை. மண் சீராகக் காயாது, நல்ல வீடுகள் அவசரப்பட மாட்டார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டியும் பட்டறைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். ஆகவே தீபாவளிக்குப் பரிசளிக்க வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். ஆகஸ்டில் வந்து கேட்டால், இருப்பில் உள்ளதைத்தான் காட்ட முடியும்.

வாங்கும்போது கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், கேட்கத் தயங்க வேண்டாம். கெண்டியை நிரப்பி ஊற்றிக்கொண்டே மூடியின் சிறு துளையை விரலால் அடைத்தால், மூக்கிலிருந்து வரும் தண்ணீர் நிற்க வேண்டும். இது மூடியின் பொருத்தத்தைக் காட்டும் சோதனை மட்டுமே. கை வேலையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

வீட்டில் சோப்பு மட்டும் போடாதீர்கள், மண் உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்து வைத்துக் காயவிட்டால் போதும். ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலைதான் என்று சிலர் கறாராகச் சொல்வார்கள். ஊலோங் குடித்த கெண்டியில் மல்லிகைத் தேநீர் போட்டால் வாசனை தங்கும் என்பது உண்மை, மற்றபடி உங்கள் விருப்பம். பாலும் இஞ்சியும் போட்ட நம் டீக்கு இந்தக் கெண்டி வேண்டாம், எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

இப்போது அலமாரியில் இருக்கும் முழுக்கை கெண்டிகள் தீரும்வரை பழைய விலைதான். ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்கும் சொன்ன விலையில் மாற்றமில்லை. எங்களிடம் முன்பு வாங்கிய கெண்டியைக் கொண்டுவந்தால், எந்த வகை என்று எங்கள் பதிவேட்டைப் பார்த்து அதற்கும் சீட்டு எழுதித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் வேண்டாம், அன்று கடையில் கூட்டம்.

அன்புடன்,
கடையிலிருந்து