முத்துவுக்கு, ஒரு கரியேறிய வீட்டைப் பற்றி

அன்புள்ள முத்து,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். பெருமாளிடம் சொல், பந்தயத்தில் அவன் தோற்றுவிட்டான்.

எழுத உட்கார்ந்தது ஒரு வீட்டுக்காக. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் சாசில்டன் ஹவுஸ் பார்த்துவிட்டு வந்தேன். வேறு எதிலும் மனம் ஓடவில்லை. வால்டர் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் 1607க்கும் 1612க்கும் இடையில் கட்டியது. நிலம் அதற்குமுன் ராபர்ட் கேட்ஸ்பியுடையது. நாடாளுமன்றத்துக்கு வெடி வைக்கச் சதி செய்தாரே, அவரேதான். முகப்பு துளிகூடப் பிசகாத சமச்சீர். ஆனால் வாசற்கதவைக் காணோம்! முன்துருத்திய பகுதியின் பக்கவாட்டில் அதை ஒளித்திருக்கிறார்கள். உன்னை அங்கிருந்து நகர்த்தவே முடியாது.

1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற குடும்பம். அதன்பின் கையில் காசு தங்கவில்லை. வீடு பிழைத்ததே அதனால்தான். வசதி படைத்தவர்கள் காலத்துக்கேற்ப இடித்து மாற்றினார்கள், இவர்களால் முடியவில்லை. மேல்மாடியில் 22 மீட்டர் நீளக் கூடம். வளைந்த சுதை விதானம் முழுக்கப் பின்னலும் பூக்களும். கீழே சமையலறை விதானமோ கன்னங்கரேலென்று கரியேறிக் கிடக்கிறது. வெள்ளையடித்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டம் போய்விடும் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக யாரும் கைவைக்கவில்லை.

1991இல் வீடு, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் பழுது பார்த்து 1997இல் திறந்தார்கள். அத்தனை உழைப்பும் கண்ணில் படாது. சாயம் போனது போனபடி, கரி கரியாகவே இருக்கிறது. 'பழசைப் புதுசாக்கித் தாருங்கள்' என்று உன்னிடம் வந்து நிற்பவர்களை எல்லாம் பஸ் ஏற்றி இங்கே கொண்டுவர வேண்டும்.

ஆனால் முத்து, ஒன்று உறுத்துகிறது. வாழ்ந்தவர்கள் வழியில்லாமல் விட்டுவைத்த பாழை, இப்போது ஆள் போட்டுக் காவல் காக்கிறார்கள். ஒழுகிய வீட்டில் குளிரில் நடுங்கியவர்களின் கஷ்டம் நமக்கு அழகாகத் தெரிவது நியாயமா? இரவெல்லாம் யோசித்தேன். இருந்தாலும் டிரஸ்ட்காரர்கள் செய்ததே சரி என்கிறேன். சுரண்டிவிட்ட கரியை எந்தக் கொத்தனாராலும் திரும்பப் பூச முடியாது. நீ மறுப்பாய், தெரியும். மறுத்து எழுது, விரிவாக எழுது.

கோமதி கேட்ட விதைகளை அனுப்பிவிட்டேன்.

உன்,
ரகு

பி.கு.: புல்தரையில் மரச்சுத்தியால் பந்தை வளையத்துக்குள் தட்டும் குரோக்கே ஆட்டத்துக்கு 1860களில் விதிகளை வகுத்த வால்டர் ஜோன்ஸ் விட்மோரும் இந்த வீட்டுக்காரர்தான். இதையும் பெருமாளிடம் சொல்.