துண்டிகல் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

துண்டிகல் விமானப்படை அகாடமியில் இடம் கிடைத்ததைச் சொன்ன அதே மூச்சில், "முதல்ல காத்தாடி வச்ச பிளேன்தானாம் மாமா" என்று குரல் இறங்கியதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜெட்டில் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டும் கைப்பிடியைத் தள்ளினால் விமானம் பெரும்பாலும் நேராக முன்னே பாயும். நீ சொன்ன காத்தாடி, அதாவது புரொப்பெல்லர், அப்படி விடாது. அது சுழற்றி அனுப்பும் காற்று வாலை ஒரு பக்கமாகத் தள்ளும். சக்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உன் கால் ரடரில், அதாவது வாலில் உள்ள திருப்புப் பலகையின் மிதியில், அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். விமானம் சொல்வதைக் காலால் கேட்கப் பழகுவது இங்கேதான்.

நம் நாட்டில் இந்தக் காத்தாடிப் பயிற்சி விமானங்களின் கதை பெங்களூரில் தொடங்குகிறது. வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2, 1951 ஆகஸ்டில் பறந்தது. 155 குதிரைசக்தி, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. சுதந்திரம் வாங்கி நான்கே ஆண்டில் நாமே வரைந்து நாமே கட்டியது! கானா நாட்டுக்கும் சில போயின.

அடுத்து வந்த எச்.பி.டி.-32 தீபக்கைப் பற்றி எழுத மனசு கனக்கிறது. 1977-இல் முதலில் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பிஸ்டன் எஞ்சின் விமானம். நடுவானில் எஞ்சின் நின்றுபோவதுதான் அதன் தீராத வியாதி. நின்றால் நெடுந்தூரம் மிதந்து வந்து இறங்கவும் முடியாது, இருக்கையோடு வெளியே தெறித்துத் தப்பிக்கும் வசதியும் கிடையாது. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தார்கள். 2009 ஜூலை 31 அன்று இரண்டு பயிற்சி ஆசிரியர்கள் இறந்த பிறகுதான் மொத்தமாக நிறுத்தினார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இதே தீபக்குக்கு டர்போபிராப், அதாவது டர்பைனால் காத்தாடியைச் சுழற்றும் எஞ்சின் பொருத்திய எச்.டி.டி.-34, 1984-லேயே பறந்துவிட்டது. படையில் சேர்க்கப்படவே இல்லை. சேர்த்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

தீபக் போனதும் மாணவர்கள் நேராகக் கிரண் என்ற பயிற்சி ஜெட்டில் ஏற வேண்டியதாயிற்று. 2013-இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 மார்க் 2 வந்த பிறகுதான் நிலைமை சரியானது. 75 விமானங்கள் வாங்கினார்கள். நீ உட்காரப்போவது அதில்தான். 700 குதிரைசக்தி டர்போபிராப், அவசரத்துக்கு வெளியேற்றும் இருக்கையும் உண்டு. அம்மாவிடம் இதை மறக்காமல் சொல்.

அப்புறம் நம்முடைய எச்.டி.டி.-40. விமானப்படை வேண்டாம் என்றிருந்த காலத்தில் பெங்களூரின் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். சொந்தப் பணத்தைப் போட்டு உருவாக்கியது. 2016 மே 31 அன்று பறந்தது. ஆனால் ஸ்பின் சோதனை லேசில் முடியவில்லை. ஸ்பின் என்றால், விமானம் தூக்குவிசை இழந்து, பம்பரமாகச் சுற்றிக்கொண்டே கீழே விழுவது. பயிற்சி விமானம் அதில் வேண்டுமென்றே நுழைய வேண்டும், மாணவர் கையில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வெளியேயும் வர வேண்டும். அதற்காக வால் பகுதியையே மாற்றியமைத்து, ஆறு சுற்று சுற்றி மீண்டு காட்டினார்கள். 2023-இல் 70 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று.

முதல் ஸ்பின் முடித்த அன்றைக்கே எனக்கு எழுது. எத்தனை சுற்று, எந்தப் பக்கம், மீள எந்தக் காலை அழுத்தினாய், எல்லாம் வேண்டும்.

அன்புடன்,
மாமா