ராசாவுக்கு, அல்சூரிலிருந்து

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்பு ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். அங்கே நீங்கள் மூவரும் நலம்தானே? போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, அக்காவிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாலு பக்கம் வரும். பெரிதாக்கிப் படி.

வியாழக்கிழமை மருமகளைப் பற்றிக் கேட்டாயே, "அவ மறுபடி ஓடப் போகணுங்கிறா. பிள்ளைக்கு நாலு மாசம்தான் ஆகுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று. நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை உன் அக்காவிடம் போன வருஷமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அவள் டிரையத்லான் முடித்தாள் என்று குடும்ப குரூப்பில் போட்டோ வந்ததும் நீ கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினாய். அந்த போட்டோவில் மாப்பிள்ளை ஏன் இல்லை என்று நீ கேட்கவே இல்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு சிசேரியன். குட்டிக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது, பத்து மாசத்தில் இந்த டிரையத்லான் போட்டி இருக்கிறது, சேரப் போகிறேன் என்றாள். எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். இதுதான் சின்னதாம். 1978ல் ஹவாய்த் தீவில் பதினைந்து பேர் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீந்தி, நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் மாரத்தானும் ஓடினார்களாம், பன்னிரண்டு பேர் முடித்தார்களாம். மாப்பிள்ளை ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு இதைச் சொன்னார். "பச்சை உடம்புடி, தையல் பிரிஞ்சா யார் பாக்கிறது? ஓடினா பால் புளிச்சிடும்" என்று கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூன்று மாசம் முடியும்வரை ஓட்டம் கூடாது, நடை மட்டும் என்றாள். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அக்காவிடம், "இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசியுதா?" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். உன்னிடம் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். நீ பிறந்ததிலிருந்து எனக்கு அது இருக்கிறது. முப்பது வருஷம். பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் என்று எங்கம்மா சொன்னாள், நானும் அப்படியே இருந்துவிட்டேன். கல்யாண வீட்டில் சிரிப்பதற்கு முன்னால் காலைச் சேர்த்து வைத்துக்கொள்வேன். அதற்குப் பயிற்சி இருக்கிறதாம், இடுப்படித் தசையை இறுக்கி விடுவது, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததை நானும் கேட்டு வைத்துக்கொண்டு, கீரை ஆயும்போது செய்து பார்க்கிறேன். முன்னைக்குப் பரவாயில்லை. மருமகளிடம் யாராவது இதைக் கேட்டார்களா? நீ கேள். ஓடாதே என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது அதுதான்.

பால் புளிக்கவில்லை. ஓடினால் பால் கெடாது, குறையாது, கொடுத்துவிட்டு ஓடினால் உனக்குத்தான் பாரம் இருக்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான் என் பங்குக்குச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் செய்து போட்டேன்.

இப்போது மாப்பிள்ளை கதை. உனக்கு அவரைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று தெரியும். வாய் பேசத் தெரியாத மனுஷர், வந்தால் டிவி முன்னால் உட்காருவார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து குட்டியை அக்கா பக்கத்திலிருந்து தூக்கிக்கொள்வார். அவள் பால் கொடுத்த கையோடு கிளம்பிவிடுவாள், ஏழரை வரை பிள்ளை அவர் பொறுப்பு. பிழிந்து வைத்த பாலில் ஒவ்வொரு பையிலும் தேதியும் மணியும் எழுதுவார். ஃபிரிட்ஜில் நாலு நாள், வெளியே வைத்தால் நாலு மணி நேரம், அதற்கு மேல் கீழே கொட்டிவிட வேண்டும். நான் ஒருநாள் புதுப் பையை முதலில் எடுத்துவிட்டேன். "அத்தை, பழசு முதல்ல" என்றார். ரேஷன் கடைக்காரன் மாதிரி. குட்டி அக்காவின் கையில் பாட்டிலைத் தொடவே தொடாது, அவர் கொடுத்தால் குடிக்கும். அதையும் அவர்தான் கண்டுபிடித்தார், மூன்று நாள் சட்டையெல்லாம் பாலாக்கிக்கொண்டு.

சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு ஸ்டாண்டில் மாட்டி ஹாலிலேயே மிதிப்பாள். மாவு மில் சத்தம். குட்டி அந்தச் சத்தத்தில்தான் அசந்து தூங்கும். இறங்கின கையோடு மாடிப்படி ஏறி மொட்டைமாடியில் ஓடுவாள், சைக்கிள் விட்டு ஓடினால் கால் மரக்கட்டை மாதிரி இருக்குமாம், பழக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வண்டி விடமாட்டார்கள். அவள் ஓட, மாப்பிள்ளை தள்ளுவண்டியோடு பின்னால் போவார். நடைக்கு வந்த பெரியவர்கள் "எஷ்டு ஒள்ளே அப்பா", எவ்வளவு நல்ல அப்பா என்று அவரைத்தான் பாராட்டுவார்கள். ஓடுகிறவளைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

போட்டி தேவனஹள்ளிப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல்குளத்தில். இருட்டோடு கிளம்பினோம். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ரோடு, விடிந்ததும் தூரத்தில் நந்தி மலை தெரிந்தது. காருக்குள்ளேயே குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு இறங்கினாள். காலில் நேரம் பார்க்கிற சிப் ஒன்றைக் கட்டினார்கள். அப்போது ஒருவர் மைக்கில் விதிகளைச் சொன்னார். தலைக்கவச வாரை மாட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கக் கூடாது. வெளியாள் உதவி கூடாது. பஞ்சர் ஆனாலும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர்கூட அவர்கள் போட்ட மேஜையில் இருந்துதான். மாப்பிள்ளை கையில் வெல்லம் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் வைத்திருந்தார். மெதுவாக அதைப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஐம்பது மீட்டர்க் குளம், பதினைந்து தடவை. தாமிரபரணிப் படித்துறையில் நான்தான் அவளுக்கு நீச்சல் பழக்கினேன், உனக்கு ஞாபகம் இருக்காது. அப்பாவுக்கு ஐ.டி.ஐ. டெலிபோன் கம்பெனியில் வேலை, கல்யாணமாகி இங்கே வந்த பிறகு எனக்கு ஆறு ஏது? கோடை லீவில் அம்பாசமுத்திரம் போனால் பிள்ளைகள் நீந்துவீர்கள், நான் துணி துவைப்பேன். பதினோராவது தடவை அவள் திரும்பும்போது, எனக்குத் தோள் வலிக்கிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு எதற்கு வலிக்கிறது?

சைக்கிள் பற்றி எழுத ஒன்றுமில்லை, போனாள், வந்தாள். ஓட்டம் இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்து எங்களைக் கடந்தபோது குட்டி பசியில் வீரிட்டது. அவளுக்குக் கேட்டுவிட்டது. கால் தடுமாறியது. பனியன் முன்பக்கம் நனைவது எனக்கே தெரிந்தது, பிள்ளை அழுதால் பால் சுரந்துவிடுமே. நின்றுவிடுவாள் என்றே நினைத்தேன். மாப்பிள்ளை என் கையிலிருந்து குட்டியை வாங்கினார். "அழுகை கேட்டா அவளால ஓட முடியாது, அத்தை. நீங்க இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, நிறுத்தியிருந்த பஸ்களுக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்காத தூரத்துக்கு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து போய்விட்டார். பத்து மாசம் அதற்காக விடியற்காலை எழுந்த மனுஷர், அவள் கோட்டைத் தாண்டுவதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம் குறைவு. மெடல் மாட்ட வந்தவரைத் தள்ளாத குறையாக, "குட்டி எங்க?" என்றாள்.

பஸ் நிழலில் தரையிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் துண்டைப் பிடித்து மறைத்தேன். அவர் குனிந்து அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு சூடாகிவிட்டிருந்தது, அதையும் குடித்தாள்.

மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவளுக்கு ஓடுகிற ஷூ ஒன்று வாங்க அப்பா பென்ஷனிலிருந்து பணம் அனுப்புகிறேன், கால் அளவை எழுது. பழைய ஷூவைப் பார்த்து எழுதிவிடாதே. பிள்ளை பெற்றால் பலருக்குக் கால் பெருக்கும், அக்காவுக்கு அரை அளவு கூடிவிட்டது. ஒரு காகிதத்தில் அவளை நிற்கவைத்து, நீயே குனிந்து பென்சிலால் வரைந்து அனுப்பு.

அம்மா